அம்மாவுக்குப் பித்தப்பைக் கல்: துளை போட்டு எடுப்பதா, வயிற்றைத் திறப்பதா? மோல்மீனா, ரங்கூனா, சென்னையா?

மோல்மீன் தோசைக்கடை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 58 வயது. பத்து வருஷமாகச் சர்க்கரை இருக்கிறது, மாத்திரை மட்டும்தான், ஊசி இல்லை. எங்களுக்கு இங்கே பர்மாவில், மோல்மீன் மார்க்கெட் பக்கம் சின்னத் தோசைக்கடை. விடியற்காலை நாலு மணிக்கு மாவுக் குண்டானைத் தூக்கி வைப்பதிலிருந்து ராத்திரி கல்லைத் தேய்த்துக் கவிழ்ப்பது வரை எல்லாம் அம்மாதான்.

போன வருஷத்திலிருந்து ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் வலது விலாவுக்குக் கீழே பிடித்து இழுக்கிற மாதிரி வலி வரும், முதுகில் வலது தோள்பட்டை வரைக்கும் ஏறும், வாந்தி வரும், விடிவதற்குள் தானாக அடங்கிவிடும். வாயு என்று நினைத்துச் சீரகத் தண்ணீரிலேயே ஓட்டிவிட்டோம். இரண்டு மாதம் முன்னால் வலியோடு காய்ச்சலும் வந்தபோதுதான் பயந்துபோய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், நாலு நாள் படுக்கவைத்து ஆன்டிபயாடிக் ஏற்றினார்கள். ஸ்கேனில் பித்தப்பை நிறையக் கல், பெரியது 14 மில்லிமீட்டர். பித்தக்குழாய் 5 மில்லிமீட்டர், அதற்குள் கல் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறது. மஞ்சள் காமாலை இல்லை.

இங்கே நாங்கள் பார்த்த டாக்டர் வயிற்றைத் திறந்து எடுத்துவிடலாம், ஒரு வாரம் இருக்க வேண்டும் என்கிறார். ரங்கூனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் காட்டினோம், லேப்ராஸ்கோப்பி, நாலு துளைதான், மறுநாளே வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். வியாசர்பாடியில் இருக்கும் சித்தி, சென்னைக்குக் கூட்டிவா என்று தினமும் போன் செய்கிறார். அப்பாவோ, கேமரா விட்டுச் செய்வதெல்லாம் புதிதாக வந்தது, யார் மேலோ பழகிப் பார்க்கிறார்கள், கண்ணால் பார்த்துக் கையால் செய்வதுதான் நம்பிக்கை என்று பிடிவாதமாக இருக்கிறார். பக்கத்து வீட்டு அம்மா எலுமிச்சைச் சாற்றில் ஆலிவ் எண்ணெய் கலந்து குடித்தால் கல் வெளியே வந்துவிடும் என்று ஒரு பாட்டிலே கொண்டுவந்து வைத்துவிட்டார்.

துளை போட்டுச் செய்வது உண்மையிலேயே நல்லதா, அல்லது பணம் வாங்குவதற்குச் சொல்கிறார்களா? சர்க்கரைக்காரருக்கு அது ஒத்துவருமா? எத்தனை நாளில் அம்மா மறுபடி கடையில் நிற்க முடியும்? பங்குனியில் தீ மிதிப்பதாக வேண்டுதல் வேறு இருக்கிறது, அதுதான் அவருக்கு முதல் கவலை. செய்துகொண்டவர்கள், விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


சூலே பக்கத்து ஹார்ட்வேர் கடை எழுதியது:

தம்பி, நான் மூன்று வருஷம் முன்னால் ரங்கூனில் செய்துகொண்டேன், லேப்ராஸ்கோப்பிதான். அம்மாவுக்கு இருப்பதாக நீங்கள் எழுதியிருக்கும் வலி அப்படியே எனக்கும் இருந்தது. தொப்புளில் ஒன்று, மேல் வயிற்றில் நெஞ்செலும்புக்குக் கீழே ஒன்று, வலது பக்கம் இரண்டு. தொப்புளில் போட்டது மட்டும் கொஞ்சம் பெரியது, மற்றதெல்லாம் இப்போது தேடிப்பார்த்தால்தான் தெரியும். சாயங்காலமே எழுப்பி நடக்க வைத்தார்கள், மறுநாள் மத்தியானம் வீட்டில் கஞ்சி குடித்தேன்.

எனக்கு யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வயிறு அவ்வளவாக வலிக்கவில்லை, வலது தோள்தான் உயிர் போகிற மாதிரி வலித்தது. மாரடைப்பு என்றே நினைத்துவிட்டேன், மனைவி அழ ஆரம்பித்துவிட்டாள். அது உள்ளே ஏற்றிய காற்றினால் வருவதாம், எழுந்து நடந்தால் குறையும் என்றார்கள், இரண்டு நாளில் போய்விட்டது. அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

ஐந்தாம் நாள் கடையில் உட்கார்ந்துவிட்டேன், உட்கார்ந்ததோடு சரி. சிமெண்ட் மூட்டை பக்கமே போகவில்லை, ஒரு மாதம் பையன்தான் தூக்கினான். நாலாம் நாளே ஆசைப்பட்டு மொகிங்காவில், அதுதான் இந்த ஊர் மீன் குழம்பு நூடுல்ஸில், பொரித்ததை எல்லாம் போட்டுச் சாப்பிட்டேன், அன்று முழுக்கக் கழிப்பறையில்தான். எண்ணெய் மிதக்கிற நம்ம ஊர்க் கறியைக் கொஞ்ச நாள் தள்ளி வைத்தால் போதும், அப்புறம் உடம்பு பழகிவிடுகிறது. இப்போது எல்லாம் சாப்பிடுகிறேன்.

நான் இரண்டு வருஷம் ஒத்திப்போட்டேன், அதுதான் தப்பு. உங்கள் அம்மாவுக்கு ஒரு தடவை காய்ச்சலோடு வந்துவிட்டது என்கிறீர்கள், இனிமேலும் தள்ளாதீர்கள் தம்பி.


தியேட்டர் சயாமா எழுதியது:

ஆபரேஷன் தியேட்டரில் 19 வருஷமாக நர்ஸ் வேலை பார்க்கிறேன் (இங்கே நர்ஸைச் சயாமா என்றுதான் கூப்பிடுவார்கள்), இரண்டு விதமும் கூட நின்று பார்த்திருக்கிறேன். நான் டாக்டர் இல்லை, அம்மாவை நேரில் பார்த்தவரும் இல்லை, அதனால் முடிவை உங்கள் சர்ஜனோடு பேசித்தான் எடுக்க வேண்டும். ஆனால் அவரோடு என்ன பேச வேண்டும் என்பதை என்னால் சொல்ல முடியும்.

முதலில், வெளியே துளை சின்னது என்பதால் உள்ளே நடப்பதும் சின்னது என்று நினைக்க வேண்டாம். இரண்டிலும் உள்ளே நடக்கும் வேலை ஒன்றுதான். பித்தப்பையிலிருந்து வரும் சின்னக் குழாயையும் அதற்குப் போகும் ரத்தக்குழாயையும் அடையாளம் கண்டு, கிளிப் போட்டு வெட்டி, ஈரலின் அடியில் ஒட்டியிருக்கும் பையை உரித்தெடுப்பார்கள். திறந்து செய்யும்போது வலது விலாவுக்குக் கீழே 10, 15 சென்டிமீட்டர் நீளத்துக்குத் தசையை வெட்ட வேண்டியிருக்கிறது. வலி, மூச்சை இழுத்துவிட முடியாத கஷ்டம், சளி கட்டுவது, பிற்பாடு தழும்பில் குடலிறக்கம், ஒரு மாதம் ஒன்றரை மாதம் வேலைக்குப் போக முடியாமை எல்லாம் வருவது பெரும்பாலும் அந்த வெட்டினால்தான். லேப்ராஸ்கோப்பியில் கரியமில வாயுவை ஏற்றி வயிற்றைக் கூடாரம் மாதிரி தூக்கிவிட்டு, 5 மில்லிமீட்டர், 10 மில்லிமீட்டர் குழாய்கள் வழியாகக் கேமராவையும் கருவிகளையும் விடுகிறார்கள். பையைக் கல்லோடு சேர்த்து ஓர் உறையில் போட்டுப் பெரும்பாலும் தொப்புள் வழியாக எடுப்பார்கள். கரியமில வாயு ஏன் என்றால் அது தீப்பிடிக்காது, ரத்தத்தில் சீக்கிரம் கரைந்து மூச்சு வழியாக வெளியே போய்விடும். ஹார்ட்வேர் அண்ணனின் தோள்வலிக்கும் அந்த வாயுதான் காரணம், அது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் உதரவிதானத்தை உறுத்தும், அதன் நரம்பும் தோளின் நரம்பும் கழுத்தில் ஒரே இடத்திலிருந்து கிளம்புவதால் வலி தோளில் தெரிகிறது.

சர்க்கரை இருப்பவருக்கு லேப்ராஸ்கோப்பி ஒத்துவருமா என்றால், தாராளமாக. சொல்லப்போனால் அவர்களுக்குத்தான் அதில் நன்மை அதிகம், காயம் சின்னதாக இருந்தால் சீழ் பிடிக்கும் வாய்ப்பும் குறைவு. ஆனால் சர்க்கரையை முன்னாடியே கட்டுக்குள் கொண்டுவர வேண்டும், மூன்று மாதச் சராசரி பார்க்கும் டெஸ்ட், ஈசிஜி எல்லாம் எடுக்க வேண்டும். முழு மயக்கம் கொடுத்துச் செய்வது, அதனால் மயக்க மருந்து டாக்டரிடம் எல்லா மாத்திரையையும் கையில் கொண்டுபோய்க் காட்டுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க ஏதாவது சாப்பிடுகிறாரா என்பதை மறக்காமல் சொல்லுங்கள்.

இனி, இந்த ஆபரேஷனில் எல்லாரும் பயப்படும் விஷயம். சின்னக் குழாய் என்று நினைத்துப் பெரிய பித்தக்குழாயை வெட்டிவிடுவது. திறந்து செய்த காலத்தில் 1000 பேரில் 1 அல்லது 2 பேருக்கு நடந்தது, லேப்ராஸ்கோப்பி வந்தபோது 3, 5 என்று ஏறியது, கை தேறிய இடங்களில் இப்போது அந்த வித்தியாசம் வெகுவாகக் குறைந்துவிட்டது. பையை நோக்கிப் போவது இரண்டே இரண்டு குழாய்தான் என்று கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் வரை எதையும் வெட்டக் கூடாது என்பது 1995ல் எழுதப்பட்டு, இப்போது எங்கும் சொல்லித்தரும் விதி. உங்கள் அம்மாவுக்கு ஒரு முறை பை வீங்கிக் காய்ச்சல் வந்திருக்கிறது, அதனால் உள்ளே எல்லாம் ஒட்டிப் பிடித்திருக்கலாம். அப்படி ஒட்டியிருந்தால் நல்ல சர்ஜன் துளை வழியாகச் செய்வதைப் பாதியில் நிறுத்திவிட்டு வயிற்றைத் திறப்பார். அதைத் தோல்வி என்று நினைக்கவே கூடாது, அது நோயாளியைக் காப்பாற்றும் முடிவு.

ஆகவே கேட்க வேண்டியதெல்லாம் இதுதான். நீங்கள் இதுவரை எத்தனை செய்திருக்கிறீர்கள், மாதம் எத்தனை செய்கிறீர்கள்? எத்தனை பேருக்குத் திறக்க வேண்டி வந்தது? என் அம்மாவுக்குத் திறக்க வேண்டியிருந்தால் நீங்களே திறந்து செய்வீர்களா? பித்தக்குழாயில் கல் இருப்பதாகத் தெரிந்தால் வாய் வழியாகக் குழாய் விட்டு எடுக்கும் இஆர்சிபி இங்கேயே உண்டா, இல்லை வேறு இடத்துக்கு அனுப்புவீர்களா? நல்ல சர்ஜன் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். தினமும் திறந்து செய்யும் அனுபவசாலி ஒருவரும், வருஷத்துக்கு நாலு லேப்ராஸ்கோப்பி செய்பவர் ஒருவரும் என்று இருந்தால் நான் என் அம்மாவை முதலாமவரிடம்தான் கொடுப்பேன்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. 5 முதல் 8 சென்டிமீட்டர் வரை சிறு கீறல் போட்டே பித்தப்பையை எடுக்கும் முறை ஒன்று இருக்கிறது. அதையும் லேப்ராஸ்கோப்பியையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில் சிக்கல்களில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. மோல்மீன் டாக்டர் திறப்பது என்று சொன்னது எந்த அளவுக் கீறல் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இயந்திரம் இல்லாத ஊரில் இது நல்ல வழி.

அந்த எண்ணெய் பாட்டிலைக் கொட்டிவிடுங்கள். குடித்தவர்களுக்குப் பச்சையாக உருண்டை உருண்டையாக வெளியே வருவது உண்மை, ஆனால் அது கல் இல்லை, அந்த எண்ணெயே குடலில் சோப்பு மாதிரி திரண்டு வருவது. கல்லைக் கரைக்கும் மாத்திரை ஒன்று உண்டு, ஆனால் அது சின்னக் கொழுப்புக் கல்லுக்கு மட்டும், மாதக்கணக்கில் சாப்பிட வேண்டும், நிறுத்தினால் பலருக்குத் திரும்ப வருகிறது. 14 மில்லிமீட்டருக்கு அது உதவாது. கல்லை மட்டும் எடுத்துப் பையை விட்டுவைத்தாலும் அதே பை மறுபடி கல்லை உண்டாக்கும்.

காத்திருக்கும் நாட்களில் கண் மஞ்சளாவது, சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் போவது, மலம் வெளுப்பது, குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், ஐந்து ஆறு மணி நேரமாகியும் அடங்காத வலி, இதில் எது வந்தாலும் எந்த ஆஸ்பத்திரி என்று யோசிக்காமல் பக்கத்தில் இருப்பதற்கு உடனே போங்கள்.


பெகு அக்கா எழுதியது:

சயாமா சொன்ன அந்தப் பாதியில் திறப்பது எங்கள் வீட்டிலேயே நடந்தது. என் அப்பாவுக்கு 67 வயதில். துளை போட்டு ஒரு மணி நேரத்தில் முடியும் என்று உள்ளே கொண்டுபோனார்கள், நாங்கள் வெளியே மூன்றரை மணி நேரம் நின்றோம், யாரும் வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெளியே கொண்டுவந்தபோது நீளமாகக் கட்டு, பக்கவாட்டில் டியூப். ஏதோ தப்பு செய்துவிட்டார்கள் என்று என் தம்பி கத்த ஆரம்பித்துவிட்டான். உள்ளே பை முழுக்க ஒட்டியிருந்தது, திறந்ததால்தான் அப்பா பிழைத்தார் என்று பிற்பாடு வேறொரு டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துச் சொன்னபோதுதான் புரிந்தது. அந்தச் சர்ஜன் சரியாகத்தான் செய்திருக்கிறார். ஆனால் கையெழுத்து வாங்கும்போது, திறக்க வேண்டி வரலாம் என்று ஒரு வரி சொல்லியிருந்தால் நாங்கள் அன்று அந்தப் பாடு பட்டிருக்க மாட்டோம். காகிதத்தில் அது அச்சடித்து இருந்திருக்கிறது, ஆனால் அதை யாரும் எங்களுக்கு வாசித்துச் சொல்லவில்லை.

பணமும் அப்படித்தான். மறுநாள் போகலாம் என்று ஒரு நாளுக்கு எடுத்துப்போன பணம், எட்டு நாள் இருக்க வேண்டியதாகி, வளையலை அடகு வைத்தோம். துளையோடு முடிந்தால் எவ்வளவு, திறந்தால் எவ்வளவு, இரண்டையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மோல்மீனிலிருந்து வருவதால் ரங்கூனில் தங்க இடமும் ஒரு வாரத்துக்காவது பார்த்து வையுங்கள், 300 கிலோமீட்டர் பஸ்ஸில் மறுநாளே திரும்பலாம் என்று எண்ண வேண்டாம். இப்போது வழி இருக்கும் நிலைமை உங்களுக்கே தெரியும்.


வாத்தியார் எழுதியது:

உங்கள் அப்பாவுக்கு மட்டும் இது. புதியது என்ற பயம் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஜெர்மனியில் பெப்லிங்கன் என்ற ஊரில் எரிக் மூஹெ என்ற சர்ஜன் முதன்முதலாக இப்படிப் பித்தப்பையை எடுத்தது 1985 செப்டம்பர் 12 அன்று. அப்போது அவருடைய நாட்டுச் சர்ஜன்களே அவரை நம்பவில்லை. 1987ல் பிரான்சில் லியோன் நகரில் ஃபிலிப் மூரே செய்த பிறகு எங்கும் பரவியது, 1992ல் அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு பெரும்பாலான நோயாளிகளுக்கு இது பாதுகாப்பானது என்று சொல்லிவிட்டது. நாற்பது வருஷம் ஆகிறது. உங்கள் அப்பா சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது, கற்றுக்கொள்பவர் கையில் விழக் கூடாது என்பதுதானே அவர் பயம். அதற்குச் சயாமா சொன்ன கேள்விகளை அவரையே கேட்கச் சொல்லுங்கள், பெரியவர் மனம் ஆறும்.


சென்னை போய் வந்தவன் எழுதியது:

என் மனைவிக்குச் சென்னையில் செய்தோம். ஆபரேஷன் நன்றாக முடிந்தது, குறை ஒன்றும் இல்லை. தமிழிலேயே எல்லாம் பேச முடிந்ததில் அவளுக்குப் பெரிய நிம்மதி, எங்கே வலிக்கிறது, எப்படி வலிக்கிறது என்று பர்மிய மொழியில் அவளுக்கு அவ்வளவு சொல்ல வராது. ஆனால் வெறும் பித்தப்பைக்காக மட்டும் போவதா என்று கேட்டால் யோசிக்கச் சொல்வேன். நோயாளிக்கு மெடிக்கல் விசா, கூடப் போகிறவர்களுக்குத் தனி விசா, விமானம், அறை வாடகை எல்லாம் சேர்ந்தால் ஆபரேஷனை விட அதுதான் அதிகம். முடிந்ததும் உடனே விமானம் ஏறவும் முடியாது, டாக்டர் சரி என்று சொன்ன பிறகுதான். பித்தக்குழாயிலும் கல் இருந்து சிக்கலானால், அல்லது இருதயக் கோளாறு சேர்ந்திருந்தால், போவதில் அர்த்தம் இருக்கிறது. சித்தி வீட்டிலேயே தங்கலாம் என்றால் உங்கள் கணக்கு வேறு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அங்கே ரோபோவில் செய்யலாம், ஒரே துளையில் செய்யலாம் என்றெல்லாம் கேட்பார்கள். சாதாரணப் பித்தப்பைக்கு ரோபோவினால் கூடுதல் பலன் இருப்பதாக நிரூபணமாகவில்லை, பணம்தான் கூடுதல். ஒரே துளை என்றால் தொப்புளில் அந்தத் துளை பெரிதாகிறது, பிற்பாடு அங்கே குடலிறக்கம் வரும் வாய்ப்பும் கொஞ்சம் அதிகம். குண்டான் தூக்குகிற அம்மாவுக்கு அது வேண்டாம். நாங்கள் வழக்கமான நாலு துளையே போதும் என்றோம்.


மோல்மீன் தோசைக்கடை எழுதியது:

எல்லாருக்கும் கும்பிட்டு நன்றி. எழுதியதை எல்லாம் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன், வாத்தியார் ஐயா எழுதியதை இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார். ரங்கூன் டாக்டரிடம் போனில் கேட்டோம். வாரத்துக்கு மூன்று நாலு செய்கிறாராம், திறக்க வேண்டியிருந்தால் அவரே செய்வாராம், அம்மாவுக்கு அதற்கு வாய்ப்பு மற்றவர்களை விட அதிகம் என்று அவராகவே சொன்னார், அதில்தான் அப்பாவுக்கு நம்பிக்கை வந்தது. முதலில் சர்க்கரையைக் குறைக்கச் சொல்லி மாத்திரையை மாற்றியிருக்கிறார், ஈரல் ரத்த டெஸ்ட் மறுபடி எடுத்துவரச் சொன்னார். மூன்று வாரத்தில் தேதி. மோல்மீன் டாக்டரையும் போய்ப் பார்த்துச் சொன்னோம், அவர் கோபப்படவே இல்லை, ரிப்போர்ட் எல்லாம் ஒழுங்காக அடுக்கிக் கொடுத்து, இடையில் காய்ச்சல் வந்தால் நேரம் பார்க்காமல் என்னிடம் வாருங்கள் என்றார். எண்ணெய் பாட்டிலைப் பக்கத்து வீட்டு அம்மா மனம் நோகாமல் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

சயாமா, கடை விஷயமும் தீமிதியும் மட்டும் கேட்கணும். பங்குனிக்கு ஆபரேஷன் முடிந்து ஐந்து வாரம்தான் ஆகியிருக்கும்.


தியேட்டர் சயாமா எழுதியது:

துளையோடு முடிந்தால் ஒரு வாரம், பத்து நாளில் கல்லாவில் உட்காரலாம், தோசைக்கல் முன்னால் நிற்பது அவர் உடம்பு சொல்வதைப் பொறுத்தது. மாவுக் குண்டானை ஒரு மாதத்துக்கு வேறு யாராவதுதான் தூக்க வேண்டும், ஒரு குடம் தண்ணீர்கூட வேண்டாம், தொப்புள் தையல் உள்ளே இறுகும் வரைக்கும். திறக்க வேண்டி வந்தால் இதையே ஒன்றரை இரண்டு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள், கடைக்கு அதற்குள் ஓர் ஆளைப் பழக்கிவிடுங்கள்.

தீமிதி பற்றி வயிற்றை விட எனக்குக் கால்தான் கவலை. பத்து வருஷச் சர்க்கரையில் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம், சுட்டதே தெரியாமல் புண்ணாகிவிடும், அப்படி வந்தவர்களை வார்டில் பார்த்திருக்கிறேன். இந்த வருஷம் அம்மா பால்குடமும் எடுக்க வேண்டாம், பூவும் பழமும் தட்டில் கொண்டுபோகட்டும். வேண்டுதலை என்ன செய்வது என்று பூசாரியிடம் கேளுங்கள், எங்கள் கோயிலில் உடம்பு முடியாதவர்களுக்காக வீட்டில் ஒருவர் இறங்குவது உண்டு. ஆபரேஷன் முடிந்த அன்றைக்கு ராத்திரி ஒரு வரி இங்கே எழுதுங்கள் தம்பி, எல்லாரும் பார்த்துக்கொண்டு இருப்போம்.